மாலை வெயில் எங்கே விழுகிறது: தீவுக் கரைகளை ஓவியக் கண்ணோடு படமெடுப்பது பற்றி

உங்கள் கேள்வியை முதலில் நான் புரிந்துகொண்டபடி சொல்லிவிடுகிறேன். வேலை நிமித்தம் மும்பைக்கு வந்து மூன்று ஆண்டுகளாகச் செம்பூரில் குடியிருக்கிறீர்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் மட் தீவு, எலிபண்டா, பாந்த்ரா என்று கேமராவுடன் போய்வருகிறீர்கள். கண்ணால் பார்க்கும்போது அவ்வளவு நிறைவாக இருந்த அந்திவேளை, படத்தில் மட்டும் மேலே வெளிறிய ஓட்டையாகவும் கீழே கரிய திட்டாகவும் வந்து நிற்கிறது. பழைய ஓவியர்களின் கடற்கரைக் காட்சிகளில் காணும் ஆழம் ஒரு புகைப்படத்தில் வருமா, வருமென்றால் எந்த லென்ஸ் வாங்குவது, பொங்கல் விடுமுறையில் இராமேசுவரம் போகும்போது என்ன கவனிக்க வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள்.

லென்ஸ் வாங்க வேண்டாம். நீங்கள் அனுப்பிய பதினொரு படங்களையும் நிதானமாகப் பார்த்தேன். பதினொன்றிலும் சூரியன் படச் சட்டத்துக்குள் இருக்கிறது. ஒன்பதில் நட்ட நடுவில் இருக்கிறது. சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது. கடலில் இறங்கும் சூரியனைப் பார்த்ததும் கை தானாகக் கேமராவை அந்தப் பக்கம் திருப்பிவிடுகிறது. பாறையையும் படகையும் சுவரையும் மனிதர்களையும் தொட்டு அந்த வெயில் செய்யும் வேலை முழுவதும் உங்கள் முதுகுக்குப் பின்னால் நடந்து முடிந்துவிடுகிறது. ஓவியப் பயிற்சி உள்ளவர் கரைக்குப் போனதும் ஒரு சுற்றுத் திரும்பிப் பார்ப்பார். வெயில் எங்கிருந்து வருகிறது என்பதை ஒரு கணத்தில் தெரிந்துகொண்டு, மீதி நேரம் முழுவதும் அது எங்கே போய் விழுகிறது என்பதையே பார்த்துக்கொண்டிருப்பார். நான் மாட்டுங்காவில் வளர்ந்தவன். பள்ளி நாள்களிலேயே நீர்வண்ணம் பழகி, பிறகு கேமராவுக்கு மாறி, இருபத்தைந்து ஆண்டுகளாக இந்த நகரத்தின் கரைகளைச் சுற்றிவருகிறேன். கீழே சொல்லப்போவதெல்லாம் அந்த ஒரு பழக்கத்தின் விரிவுதான்.

தீவில் படமெடுப்பவருக்கு அந்தப் பழக்கம் இன்னும் அதிகமாகப் பலன் தரும். மும்பையே ஒரு தீவு என்பதை இங்கே பிறந்து வளர்ந்தவர்கள்கூட மறந்துவிடுகிறார்கள். கொலாபா, சின்னக் கொலாபா, பம்பாய், மசகான், பரேல், வர்லி, மாகிம் என்ற ஏழு தீவுகளுக்கு இடையே கிடந்த ஆழமில்லாத கடலைத் தூர்த்து ஒன்றாக்கிய நிலம் இது. மாகிம் கழியைத் தாண்டி வடக்கே பாந்த்ராவில் தொடங்கும் சால்செட் இன்னொரு தீவு. மேற்கே அரபிக்கடல், கிழக்கே துறைமுகக் கடல். ஆகவே மாலையில் இங்கே சூரியனை நேருக்கு நேர் பார்க்கும் கரை ஒன்று இருக்கிறது. அதே சூரியனின் கடைசி வெயிலை வாங்கிக்கொள்ளும் கிழக்குக் கடல் ஒன்று இருக்கிறது. இரண்டுக்கும் நடுவே, நிலம் கூராகிக் கடலுக்குள் நீளும் முனைகள் சில இருக்கின்றன. ஒரே நாளின் மாலை இந்த மூன்று இடங்களிலும் மூன்று விதமாக இருக்கும்.

மேற்குக் கரையைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை, எல்லோரும் நிற்பது அங்கேதான். சூரியன் ஆண்டு முழுவதும் ஒரே இடத்தில் மறைவதில்லை என்பதை மட்டும் மனத்தில் வையுங்கள். மும்பை ஏறக்குறைய 19 பாகை வட அகலாங்கில் இருப்பதால், ஜூன் கடைசியில் சூரியன் நேர் மேற்கிலிருந்து சுமார் 25 பாகை வடக்கே தள்ளியும், டிசம்பர் கடைசியில் அதே அளவு தெற்கே தள்ளியும் மறையும். மரைன் டிரைவ் வளைவின் நடுவில் நின்றால், ஜூனில் அது மலபார் ஹில் கட்டடங்களுக்குப் பின்னால் போய்விடும். டிசம்பரில் திறந்த கடலில் இறங்கும். மறையும் நேரமும் நவம்பர் இறுதியில் ஆறு மணிக்கும் ஜூலைத் தொடக்கத்தில் ஏழு இருபதுக்கும் இடையே நகர்ந்துகொண்டிருக்கும். இவற்றைவிடப் பெரிய செய்தி வேகம். நம் பக்கத்தில் சூரியன் ஏறக்குறையச் செங்குத்தாக இறங்குகிறது. அதன் கீழ்விளிம்பு கடலைத் தொட்டதிலிருந்து முழுவதும் மூழ்க இரண்டு நிமிடத்துக்குச் சற்று அதிகமாகும். அதன்பிறகு பொருள்களைத் தெளிவாகப் பிரித்தறியும் வெளிச்சம் இருபது, இருபத்தைந்து நிமிடம் நிற்கும். வட ஐரோப்பிய ஓவியர்களுக்கு வாய்த்த நீண்ட அந்தி நமக்கு வாய்க்கவில்லை.

அதனால் நாம் நம்ப வேண்டிய நேரம் சூரியன் மறைவதற்கு முந்திய ஒரு மணி நேரம். இதைச் சொல்லும்போது நெய்தல் திணையை நினைக்காமல் இருக்க முடியவில்லை. மாலையை முல்லைக்குக் கொடுத்த தொல்காப்பியம், கடற்கரைக்கு எற்பாட்டைச் சிறுபொழுதாக வகுத்தது. எல் என்பது ஞாயிறு. பாடு என்பது படுதல், சாய்தல். உரையாசிரியர்கள் அதை வெயில் சாயும் பிற்பகல் என்று கொண்டிருக்கிறார்கள். கடற்கரையை நன்கு பார்த்தவர்கள்தாம் அப்படி வகுத்திருக்க முடியும் என்று ஒவ்வொரு முறை கரையில் நிற்கும்போதும் எனக்குத் தோன்றுகிறது. சாய்ந்த வெயில்தான் மணலின் ஒவ்வொரு மடிப்பையும் எடுத்துக் காட்டுகிறது. சூரியன் போனபின் வானம்தான் அழகாக இருக்கும், நிலம் தட்டையாகிவிடும்.

கிழக்குக் கடலைக் கற்கக் குகைக் கோயில்கள் உள்ள எலிபண்டாத் தீவைவிட நல்ல இடம் இல்லை. கேட்வே ஆஃப் இந்தியாவிலிருந்து விசைப்படகில் ஏறக்குறைய ஒரு மணி நேரப் பயணம். திங்கட்கிழமை குகைகள் மூடியிருக்கும். பயணிகள் இரவு தங்க முடியாது என்பதால் மாலைப் படகில் திரும்பியே ஆக வேண்டும். திரும்பும் படகு மேற்கு நோக்கி வருவதால், எல்லோரும் முன்பக்கம் கூடி, நகரத்தின் உயர்ந்த கட்டடங்களுக்கு மேலே தெரியும் சூரியனைக் கைபேசியில் எடுத்துக்கொண்டிருப்பார்கள். நீங்கள் பின்பக்கம் போய் நில்லுங்கள். தீவின் இரண்டு குன்றுகளும் முகம் முழுவதும் வெயிலை வாங்கிக்கொண்டு நிற்கும். முதலில் மரங்களின் பச்சை பச்சையாகவே இருக்கும். பிறகு அதில் மஞ்சள் ஏறும். பிறகு பழைய பித்தளைப் பாத்திரத்தின் நிறம் வரும். குன்றின் மடிப்புகளில் மட்டும் நீலம் தங்கும். சூரியன் நகரத்துக்குப் பின்னால் இறங்க இறங்க, வெயில் அடிவாரத்திலிருந்து மேலேறும். கரையோரத்துக் கண்டல் மரங்கள் முதலில் அணையும், சரிவுகள் அடுத்து அணையும், உச்சியில் ஒரு கீற்று மட்டும் கடைசிவரை நிற்கும். படகு விட்டுவரும் நுரைத்தடம் உங்கள் காலடியில் அகலமாகத் தொடங்கி அந்தத் தீவை நோக்கிக் குறுகிக்கொண்டே போகும். ஒரு ஓவியர் யோசித்து யோசித்துக் கட்டும் அமைப்பு அங்கே தானாக அமைந்து கிடக்கிறது.

சூரியன் மறைந்து பத்து நிமிடம் ஆனபின்பும் அதே கிழக்கையே பாருங்கள். வானம் தெளிவாக இருக்கும் நாளில், அடிவானத்தை ஒட்டிச் சாம்பல் கலந்த நீலத்தில் ஒரு பட்டையும், அதன்மேல் வெளிறிய ரோஜா நிறத்தில் இன்னொரு பட்டையும் எழும். கீழே இருக்கும் நீலம் பூமியின் நிழல். காற்றுமண்டலத்தின்மேல் விழுந்து, சூரியன் கீழே போகப்போக அது மேலே ஏறுகிறது. மேற்கையே பார்த்து நிற்பவர் வாழ்நாள் முழுவதும் இதைக் காணாமலே போகக்கூடும். பருவமழைக்குப் பிறகு காற்று கழுவிவிட்டதுபோல் இருக்கும் செப்டம்பர் கடைசி, அக்டோபர் தொடக்க நாள்களில் இதைத் தேடுங்கள்.

முனைகள் என் விருப்பத்துக்குரியவை. மீனவர் குடியிருப்பான வர்லி கோலிவாடாவின் சந்துகளுக்குள் நடந்து போனால் வரும் சிறிய கோட்டை, மாகிம் விரிகுடாவின் தென்முனையில் இருக்கிறது. அங்கிருந்து வடக்கே பார்த்தால் சூரியன் உங்கள் இடக்கைப் பக்கம் இருக்கும். எதிர்முனையான பாந்த்ராக் கோட்டையிலிருந்து தெற்கே பார்த்தால், 2009-இல் திறக்கப்பட்ட கடல்பாலம் முழுவதும் நீளவாக்கில் தெரிய, சூரியன் வலக்கைப் பக்கம் இருக்கும். இப்படிப் பக்கவாட்டில் வரும் வெயில்தான் ஒரு பொருளின் உருட்சியைச் சொல்லும். நேர்முக வெயிலில் பாறை ஒரு நிறத்திட்டு. எதிர்வெயிலில் அது வெறும் கரிய உருவம். பக்கவெயிலில் மட்டும் அதற்கு ஒரு வெளிச்சப் பக்கம், ஒரு இருள் பக்கம், இரண்டும் சந்திக்கும் ஒரு மயக்கம் என்று மூன்றும் கிடைக்கின்றன. பென்சிலால் ஒரு மாம்பழத்தை வரையக் கற்றுக்கொடுக்கும் ஆசிரியர் அதை ஜன்னல் ஓரமாக வைப்பது இதற்காகத்தான்.

இனி, ஓவியக் கண் என்று நீங்கள் கேட்டதன் மையத்துக்கு வருகிறேன். மாலை என்றதும் நாம் நிறத்தை நினைக்கிறோம். ஓவியர் நிறத்துக்கு முன்னால் சாயலை, அதாவது எது இருட்டு, எது வெளிச்சம், எது இடைப்பட்டது என்பதை முடிவு செய்கிறார். ஓவியப் பள்ளிகளில் டோன் என்று சொல்வது இதைத்தான். கண்ணைப் பாதி மூடிப் பாருங்கள். இலை, கல், அலை என்ற சிறு விவரங்கள் எல்லாம் கரைந்து, நான்கைந்து பெரிய திட்டுகள் மட்டும் மிஞ்சும். பதினெட்டாம் நூற்றாண்டில் இயற்கைக் காட்சி தேடிப் போனவர்கள் இதற்கென்றே கருப்பேற்றிய சிறிய குவிகண்ணாடி ஒன்றைச் சட்டைப்பையில் வைத்திருந்தார்கள். காட்சிக்கு முதுகு காட்டி நின்று, கண்ணாடியில் விழும் மங்கிய பிம்பத்தைப் பார்ப்பார்கள். கடலோரத் துறைமுகங்களில் சூரியனையே நேராக வைத்து வரைந்த பிரெஞ்சு ஓவியர் கிளாட் லொரேனின் பெயரால் அந்தக் கண்ணாடி அழைக்கப்பட்டது. இன்று உங்கள் கையில் அணைத்து வைத்த கைபேசித் திரை இருக்கிறது. அதைத் தோளுக்கு மேலே உயர்த்திப் பின்னால் உள்ள காட்சியை அதில் பாருங்கள். அந்தக் கண்ணாடி செய்த வேலையில் பாதியை அது செய்துவிடும்.

நான் இன்னும் ஒன்று செய்வேன். படகுப் பயணச்சீட்டின் பின்பக்கத்தில், இரண்டு விரல் அகலத்தில் ஒரு கட்டம் போட்டு, மென்மையான பென்சிலால் மூன்றே சாயல்களில் காட்சியை நிரப்புவேன்: தாளின் வெள்ளை, ஒரு சாம்பல், ஒரு கருப்பு. ஒரு நிமிடத்துக்கு மேல் ஆகாது. எலிபண்டாக் குன்றுக்கு நான் போட்ட கட்டம் இப்படி இருந்தது: வானம் வெள்ளை, குன்று சாம்பல், படகின் பின்சுவரும் அதன் கயிறும் கருப்பு, கடல் மறுபடி சாம்பல். குன்றும் கடலும் ஒரே சாம்பலில் ஒட்டிக்கொண்டதைத் தாளில் பார்த்த பிறகுதான், நடுவே நுரைத்தடம் வெள்ளையாக வரும்வரை காத்திருக்க வேண்டும் என்று புரிந்தது. கேமரா எத்தனை நூறு படம் எடுத்தாலும் இதைச் சொல்லியிருக்காது. மூன்று சாயலில் நிற்காத காட்சி முன்னூறு நிறத்திலும் நிற்பதில்லை என்பது என் அனுபவம்.

உங்கள் வெள்ளை ஓட்டைக்கும் விடை இங்கேதான் இருக்கிறது. பிரெஞ்சு ஓவியர் மோனே 1872-இல் பிரான்ஸின் லெ ஆவ்ர் துறைமுகத்தின் காலைச் சூரியனை வரைந்தார். இம்ப்ரெஷனிசம் என்ற ஓவிய இயக்கத்தின் பெயருக்கே காரணமான ஓவியம் அது. அதன் அச்சுப்படம் ஒன்றைக் கருப்பு வெள்ளையாக்கிப் பாருங்கள்: ஆரஞ்சுச் சூரியன் ஏறக்குறையக் காணாமல் போய்விடும். சூழ்ந்துள்ள வானத்தின் வெளிச்ச அளவும் சூரியனின் வெளிச்ச அளவும் அங்கே ஒன்றாகவே இருக்கின்றன என்பதையும், நிறத்தால் மட்டுமே அது துடிக்கிறது என்பதையும் நரம்பியல் அறிஞர் மார்கரெட் லிவிங்ஸ்டன் எடுத்துக் காட்டியிருக்கிறார். உண்மையான சூரியன் வானத்தைவிடப் பல மடங்கு பிரகாசமானது. ஓவியர் அதைக் கீழே இறக்கிக்கொண்டார். கேமராவால் அப்படி இறக்க முடியாது. ஆனால் சூரியன் தானாக இறங்கிவரும் நாள்களை நாம் தேர்ந்தெடுக்கலாம். டிசம்பர், ஜனவரி மாதங்களில் மும்பையின் தூசும் புகையும் கடல்மேல் படிந்து, சூரியன் அடிவானத்தைத் தொடும் முன்பே மங்கிய செந்தட்டாகிவிடுகிறது. அந்தக் காற்றைத்தான் நம் பிள்ளைகள் சுவாசிக்கிறார்கள் என்ற வருத்தம் ஒரு பக்கம் இருந்தாலும், ஒளியைப் பொறுத்தவரை மோனே வரைந்த நிலை அதுதான். அத்தகைய நாளில் சூரியனைச் சட்டத்துக்குள் வையுங்கள். மற்ற நாள்களில் சட்டத்துக்கு வெளியே விடுங்கள், அல்லது ஒரு பாய்மரத்துக்கோ கோட்டைச் சுவருக்கோ பின்னால் மறையுங்கள். அப்போதும் கீழே நிலம் கருப்பாகத்தான் வரும் என்றால், அந்தக் கருப்பை ஒரே அழுத்தமான உருவமாக்குங்கள். பத்துச் சிறு கருப்புகளாகச் சிதறவிடாதீர்கள். தூரத்தைக் கிட்டே காட்டும் டெலி லென்ஸ் பொருத்திய கேமராவின் கண்ணாடித் துளைவழியே சூரியனை நேராகப் பார்க்காதீர்கள், கண் போய்விடும்.

அளவுகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கேமரா தன் விருப்பப்படி திருத்தாத மூலக்கோப்பாக, அதாவது ரா கோப்பாகவே எடுங்கள். எக்ஸ்போஷரை, அதாவது கேமரா வாங்கும் வெளிச்சத்தின் அளவை, முக்கால் அல்லது ஒரு ஸ்டாப் (ஒரு ஸ்டாப் என்பது வெளிச்சத்தில் பாதி) குறைத்து, வெளிச்சப் பரவலைக் காட்டும் ஹிஸ்டோகிராம் வரைபடத்தின் வலது ஓரம் வெட்டுப்படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். இருட்டை ஓரளவு மீட்கலாம், வெளுத்ததை மீட்க முடியாது. கைபேசி என்றால் வானத்தின் வெளிச்சமான இடத்தைத் தொட்டு அழுத்திப் பூட்டிவிட்டு, வெளிச்சத்தைக் கொஞ்சம் கீழே இழுங்கள். லென்ஸின் துளை அளவு எஃப் 8, எஃப் 11 போதும்.

நிறங்களின் வெம்மை, குளுமையைத் தீர்மானிக்கும் வொயிட் பாலன்ஸ் பற்றி மட்டும் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும், ஏனென்றால் உங்கள் படங்களில் மாலையைத் திருடியது அதுதான். தானியங்கியாக விட்டால், மஞ்சள் கூடிவிட்டது என்று கேமரா நினைத்துக்கொண்டு, அந்த வெம்மையைக் கழுவி வெளியேற்றிவிடுகிறது. பகல் வெயில் என்ற நிலையில், ஏறக்குறைய 5,500 கெல்வினில், பூட்டிவிடுங்கள். அப்படிச் செய்தால் இன்னொரு செல்வமும் கையில் கிடைக்கும்: நிழல்களின் நீலம். சூரிய ஒளி எட்டாத இடத்துக்கு வானத்தின் ஒளி மட்டும் எட்டுகிறது. வானம் நீலம், ஆகவே நிழலும் நீலம். வெயில் செம்மையாகும்போது பக்கத்தில் இருக்கும் நிழல் இன்னும் நீலமாகத் தெரியும். நிழலைக் கருப்பால் வரையக் கூடாது என்று என் ஆசிரியர் கருப்புக் குழாயையே பெட்டியிலிருந்து எடுத்துவிடச் சொன்னார். இன்று கணினியில் நிழல்களை இழுத்துச் சாம்பலாக்கும் படங்களைப் பார்க்கும்போதெல்லாம் அந்தப் பெட்டி நினைவுக்கு வருகிறது.

மும்பைக் கரையில் ஒரு தனிச் சிக்கல் உண்டு. இங்கே பாறை கருப்பு. தக்காணத்தின் எரிமலைக் குழம்பு இறுகிய பாறை அது. உலர்ந்திருக்கும்போது வெயிலை விழுங்கிவிடும். நனைந்திருக்கும்போது வானத்தைத் திருப்பித் தரும். ஆகவே ஓதம், அதாவது கடல்நீரின் ஏற்ற வற்றம் பார்க்காமல் பாந்த்ரா பாண்ட்ஸ்டாண்டுக்குப் போவதில் பயனில்லை. மும்பையில் ஒரு நாளைக்கு இரண்டு ஏற்றம், இரண்டு வற்றம். ஒவ்வொரு நாளும் ஏறக்குறைய ஐம்பது நிமிடம் தள்ளிப்போகும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாள்களில் ஏற்றம் நண்பகலை ஒட்டி வருவதால், மாலை ஆறு, ஏழு மணிக்கு நீர் வெகுதூரம் வற்றியிருக்கும்; அஷ்டமி, நவமியை ஒட்டி அதே நேரத்தில் ஏறியிருக்கும். நாட்காட்டியில் திதி பார்த்தே நான் பாதி முடிவு செய்துவிடுவேன், மீதிக்கு ஓத அட்டவணை. பௌர்ணமிக்கு மறுநாள் மாலையில் பாறைகளுக்கு இடையே தேங்கிய குட்டைகளில் வானம் துண்டு துண்டாகக் கிடக்கும். அந்தத் துண்டுகளின் வடிவங்களை வைத்தே படம் கட்டலாம்.

கரிய பாறையும் கடலும் என்றால் மறுபடி மோனேவிடம் போக வேண்டியிருக்கிறது. 1886 இலையுதிர் காலத்தில் அவர் பிரான்ஸின் மேற்கே உள்ள பெல் ஈல் என்ற தீவில் தங்கி, அதன் கருத்த பாறைகளை முப்பதுக்கும் மேற்பட்ட ஓவியங்களில் வரைந்தார். பாறையில் அவர் வைத்த ஊதா, பச்சை, செம்பழுப்பு எல்லாம் பாறையின் சொந்த நிறங்கள் அல்ல. கடலும் வானமும் அதன்மேல் தெறித்தவை. கருப்புப் பாறையைக் கருப்பு என்று முடிவுகட்டாமல் பார்த்தால் பாண்ட்ஸ்டாண்டிலும் அவை தெரியும். அதற்கு முந்திய ஆண்டு பிரான்ஸின் வடகரையில் உள்ள எத்ரத்தாவில், ஓதத்தைத் தவறாகக் கணித்து, வரைந்துகொண்டிருந்த இடத்திலேயே அலையில் சிக்கி உயிர்தப்பினார். அன்று வரைந்துகொண்டிருந்த துணியையும் அதன் தாங்கியையும் கடல் கொண்டுபோயிற்று. மழைக்காலத்தில் இங்கே பாறைகளின்மேல் இறங்காதீர்கள். வற்றத்தில் உள்ளே போனவர், நீர் திரும்பும் நேரத்தைக் கடிகாரத்தில் வைத்துக்கொண்டே நிற்க வேண்டும்.

பரந்த காட்சியை மட்டுமே தேட வேண்டாம் என்பதற்கு ஒன்று சொல்கிறேன். மட் தீவிலும் வெர்சோவாவிலும் மழைக்காலம் முடிந்தபின் மூங்கில் கட்டிப் பொம்பில் மீன் உலர்த்துவார்கள். இரண்டிரண்டு மீன்களாக, ஒன்றின் வாயை மற்றொன்றின் வாயில் கோத்துக் கயிற்றின் இருபுறமும் தொங்கவிடுவார்கள். நாற்றத்துக்கு அஞ்சி எல்லோரும் கடந்து போய்விடுகிறார்கள். ஐந்தரை மணிக்கு அந்த வரிசைக்குக் கிழக்கே போய், சூரியனை நோக்கி, முழங்காலிட்டுப் பாருங்கள். பாதி உலர்ந்த மீனின் சதை வெயிலை உள்ளே விட்டுக்கொள்ளும். ஓரம் தேன் நிறம், நடு முள்ளை ஒட்டிக் காவி, முள் ஒரு மெல்லிய கருங்கோடு. அன்று காலை கோத்த மீனாக இருந்தால் வால்நுனியில் ஒரு துளி நீர் சேர்ந்து நிற்கும்; அந்தத் துளிக்குள் தலைகீழாகக் கடலும் வானமும் இருக்கும். அந்தச் சூரியன் சட்டத்துக்குள் இல்லை, ஆனால் படம் முழுவதும் அதுதான் இருக்கிறது. உலர்த்தும் கோலிப் பெண்களிடம் “மாவ்ஷி” (மராத்தியில் சித்தி) என்று அழைத்து அனுமதி கேட்டுக்கொண்டு எடுங்கள். அது அவர்களுடைய பிழைப்பு.

லென்ஸ் வேண்டாம் என்று சொன்னதற்குக் காரணமும் சொல்லிவிடுகிறேன். மிக அகன்ற கோண லென்ஸ் காலடிக் கல்லைப் பெரிதாக்கி, தூரத்துத் தீவைக் கோடாக்கிவிடும். ஐம்பதிலிருந்து நூறு மில்லிமீட்டருக்குள் நின்றால் தீவு தன் உயரத்தோடு இருக்கும். தூரத்தில் இருப்பது வெளிறி, நீலம் ஏறித் தெரியும் என்பதை லியொனார்டோ டாவின்சி ஓவியர்களுக்கு விரிவாக எழுதிவைத்தார். துறைமுகக் கடலின் ஈரப்பதத்தில், அடுத்தடுத்து நிற்கும் சரக்குக் கப்பல், எலிபண்டா, அதற்குப் பின்னால் பெருநிலத்தின் குன்றுகள் என்று ஒவ்வொரு அடுக்கும் முந்தியதைவிட ஒரு சாயல் வெளிறிக்கொண்டே போவதை நீங்களே எண்ணலாம். அந்த அடுக்குகளை நெருக்கிக் காட்டுவதற்கு அகன்ற கோணத்தைவிட இந்த நீளம்தான் உதவும். கணினியில் மூடுபனி நீக்கும் கருவியை இழுத்தால் அவை எல்லாம் ஒன்றாகிவிடும், தூரமே போய்விடும். அதைத் தொடாதீர்கள். ஷட்டரும் அப்படியே: முப்பது நொடி திறந்து கடலைப் பாலாக்குவது இப்போது வழக்கமாகிவிட்டது. எனக்கு அது பிடிப்பதில்லை, கடலின் எடை போய்விடுகிறது. கால் நொடியிலிருந்து ஒரு நொடிக்குள், அலை பின்வாங்கும்போது எடுத்தால், நுரை தூரிகை இழுத்த கோடுகளாகப் பதியும். நீர் எந்தத் திசையில் போகிறது என்பதும் தெரியும்.

எப்போதாவது ஒரு மாலை கடற்கரைக்குப் போகாமல், சத்ரபதி சிவாஜி மகாராஜ் வாஸ்து சங்கிரகாலயம் என்ற மும்பை அருங்காட்சியகத்துக்குப் போங்கள். டாட்டா குடும்பத்தின் சேகரிப்பிலிருந்து வந்த ஐரோப்பிய ஓவியங்கள் அங்கே இருக்கின்றன. ஒரு நிலக்காட்சியின் முன் பத்தடி தள்ளி நின்று, கண்ணைப் பாதி மூடி, கருப்பு எங்கே, வெள்ளை எங்கே என்று மட்டும் பாருங்கள்.

இராமேசுவரத்துக்கு வருகிறேன். அக்கினி தீர்த்தம் கிழக்கு நோக்கிய கரை. அங்கே விடியல்தான் நேரம், மாலையில் அது வெயில் வாங்கும் கரை. தனுஷ்கோடி நிலநாக்கு தென்கிழக்காக நீண்டு, ஒரு பக்கம் மன்னார் வளைகுடா, மறு பக்கம் பாக் கடல் என்று போகிறது. ஜனவரியில் சூரியன் மேற்குக்குத் தெற்கே தள்ளி மறைவதால், அது மன்னார் வளைகுடாவின்மேல் இறங்கும். பாக் கடல் பக்கம் நேர்முக வெயில் விழும். முனையை ஒட்டி நிலம் மிகவும் குறுகிவிடுவதால், ஒரு கடலிலிருந்து மறு கடலுக்கு நடந்தே போய்விடலாம். மேற்குக் கடலில் ஒரு படம், உடனே திரும்பி நடந்து கிழக்குக் கடலில் ஒரு படம் என்று ஒரே மாலையில் இரண்டையும் எடுத்து அருகருகே வைத்துப் பாருங்கள். அங்கே மணல் வெளிறியது, மும்பைப் பாறைக்கு நேர்மாறு. எக்ஸ்போஷரைக் குறைத்துக்கொண்டே போனால் மணல் அழுக்காகிவிடும், ஆகவே இங்கே பழகிய அளவை அங்கே பயன்படுத்தாதீர்கள். 1964 டிசம்பர் புயலில் அழிந்த தேவாலயத்தின் சுவர்கள் பக்கவெயிலுக்கு உகந்தவை. பல குடும்பங்கள் உயிரிழந்த ஊர் அது. சுவர்மேல் ஏறி நின்று படமெடுக்க வேண்டாம். பொழுது சாய்வதற்குள் திரும்பச் சொல்லிவிடுவார்கள் என்பதால், பிற்பகல் மூன்று மணிக்கே போய் நடந்து பார்த்துவிடுங்கள்.

ஒரு சிறிய நோட்டுப் புத்தகம் எடுத்துச் செல்லுங்கள். ஆங்கிலேய ஓவியர் கான்ஸ்டபிள் 1821, 1822 ஆண்டுகளில் லண்டனின் ஹாம்ப்ஸ்டெட்டில் மேகங்களை வரைந்தபோது, பல படங்களின் பின்புறத்தில் நாள், நேரம், காற்றின் திசை எல்லாவற்றையும் குறித்துவைத்தார். நீங்களும் நேரம், ஓதம், காற்று, எந்தப் பக்கம் பார்த்தீர்கள் என்ற நான்கையும் எழுதுங்கள். வீடு திரும்பியதும் முக்காலியின் கால்களை நல்ல தண்ணீரில் கழுவித் துடையுங்கள்; லென்ஸின்மேல் படிந்த உப்பை முதலில் ஊதி அகற்றிவிட்டு, பிறகு ஈரத்துணியால் ஒற்றி எடுங்கள், உலர்ந்த துணியால் தேய்த்தால் கீறல் விழும். அடுத்த முறை எலிபண்டாவிலிருந்து திரும்பும்போது படகின் பின்பக்கத்திலிருந்து எடுத்த படம் ஒன்றையும், அதோடு சீட்டின் பின்னால் போட்ட பென்சில் கட்டத்தையும் சேர்த்து அனுப்புங்கள். கட்டத்தை முதலில் பார்ப்பேன்.